நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் நோயுற்ற பிள்ளையும்

திருவள்ளுவர் தம் நூலின் 95ஆம் அதிகாரத்தை மருந்துக்கென வகுத்து, அதன் ஈற்றுக் குறளிலே மருத்துவத்துக்கு உறுப்புகள் நான்கு எனத் தொகுத்துரைத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் வைத்தியன், அவன் கைக்கொள்ளும் மருந்து, நோயாளியின் அருகிருந்து பேணுபவன் என்பன அவை. இவற்றுள் முதல் மூன்றும் பலராலும் பேசப்படுவன. நான்காவதோ பெரும்பாலும் மறக்கப்படுவது. எனினும், நோயுற்றது ஒரு குழந்தையாயின் அந்நான்காம் உறுப்பே முதலிடம் பெற்றுவிடுகின்றது. தன் உடலில் நிகழ்வதை எடுத்துச் சொல்லும் ஆற்றல் குழந்தைக்கு இல்லை. வைத்தியர் சில நிமிட நேரமே அதனைக் காண்கின்றார். ஆகவே இரவும் பகலும் உடனிருக்கும் பெற்றாரே குழந்தையின் நாவாகவும் வைத்தியரின் கண்ணாகவும் அமைகின்றனர்.

இப்பணி மிகக் கடினமாகும் வேளை ஒன்றுண்டு. நோயைத் தீர்க்கக் கொடுத்த மருந்தே குழந்தைக்குத் துன்பம் தரத் தொடங்கும் வேளை அது. அன்ரிபயோற்றிக் என வழங்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கொடுக்கும்போது இந்நிலை அடிக்கடி நேர்கின்றது. அப்போது பெற்றார் இரு திறப்பட்ட பிழைகளுக்கு ஆளாகின்றனர். வயிறு சற்று இளகியவுடனே மருந்துப் போத்தலை எறிந்துவிடுவது ஒரு பிழை. முகம் வீங்கி மூச்சு இரைக்கும்போதும், "வைத்தியர் சொன்ன மருந்து" என மேலும் ஒரு கரண்டி ஊற்றுவது மற்றப் பிழை. முன்னையது நோயை வளர்க்கும். பின்னையது உயிரைப் பறிக்கவும் கூடும். பொறுத்துக்கொள்ளத்தக்க துன்பம் யாது, உடனே நிறுத்தத்தக்க துன்பம் யாது எனப் பிரித்தறிதலே இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நல்வழியாகும்.

இம்மருந்துகளின் வரலாறு நீண்டதன்று. 1928ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரின் சென். மேரி வைத்தியசாலை ஆய்வுகூடத்தில், கிருமிகளை வளர்த்த தட்டொன்றிலே தற்செயலாகப் படர்ந்த பூஞ்சணம் தன்னைச் சூழ்ந்திருந்த கிருமிகளை அழித்திருந்ததை அலெக்சாந்தர் பிளெமிங் கண்டார். அப்பூஞ்சணம் சுரந்த பொருளே பெனிசிலின். அதனைத் தூய்மைப்படுத்தி மருந்தாக்கிய பெருமை ஒக்ஸ்போட்டில் உழைத்த புளோறி, செயின் என்போரையும் அவர்தம் துணைவரையும் சாரும். 1941 பெப்புருவரியில் அல்பேட் அலெக்சாந்தர் என்னும் பொலிசு உத்தியோகத்தருக்கு அது செலுத்தப்பட்டது. முகத்திலே தொடங்கிய தொற்றுப் பரவி மரணத்தறுவாயிலிருந்த அவர் சில நாள்களில் தேறி வந்தார். ஆனால் கைவசமிருந்த மருந்து தீர்ந்துபோயிற்று. அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தை மீளப் பிரித்தெடுத்துச் செலுத்தியும் போதாமையால், மார்ச்சு மாதத்தில் அவர் உயிர் நீத்தார். அத்துணை அரிதாயிருந்த மருந்தின் இனத்தைச் சேர்ந்த அமொக்சிசிலின் இன்று பழச்சுவை கலந்த பாணியாக ஒவ்வொரு மருந்துக்கடையிலும் உண்டு. 1970களில் வழக்குக்கு வந்த அதுவே குழந்தைகளுக்குப் பெரிதும் கொடுக்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லியாதலின், ஈண்டு அதனையே முதன்மையாகக் கொண்டு நோக்குவோம்.

மருந்து துன்பந்தருவது ஏன் என்பதை அறிய, அது தொழிற்படும் முறையை அறிதல் வேண்டும். பற்றீரியாக் கிருமியின் கலத்தைச் சூழ்ந்து உறுதியான சுவரொன்று உண்டு. பெனிசிலின் இன மருந்துகள் அச்சுவர் கட்டப்படுவதைத் தடுக்கின்றன. சுவர் குலைந்த கிருமி வெடித்து மடிகின்றது. மனித உடலின் கலங்களுக்கு அத்தகைய சுவர் இல்லாமையால் அவை தப்புகின்றன. ஆனால் மருந்துக்குப் பகைவர் இவர், நண்பர் இவர் என்ற வேறுபாடு தெரியாது. நம் குடலிலே வாழ்ந்து உணவு செரித்தற்கும் தீய கிருமிகளை அடக்குதற்கும் துணைபுரியும் நல்ல பற்றீரியாக்களும் அதனால் அழிகின்றன. குழந்தையின் வயிறு குழம்புதற்கு இதுவே தலையாய காரணம். இது மருந்தின் பக்கவிளைவேயன்றி ஒவ்வாமையன்று. ஒவ்வாமையாவது வேறொன்று. உடலைக் காக்கும் எதிர்ப்பாற்றல் மருந்தையே பகையெனப் பிறழ உணர்ந்து போர் தொடுக்கும் நிலை அது. இவ்விரண்டுமன்றி, மூல நோயே உடலிற் காட்டும் குறியைப் பெற்றார் மருந்தின் குற்றமெனக் கருதுவதும் உண்டு. பக்கவிளைவு, ஒவ்வாமை, நோயின் குறி என்னும் இம்மூன்றையும் மயங்காது நோக்குதல் வேண்டும்.

முதற்கண் வயிற்றோட்டத்தை எடுத்துக்கொள்வோம். நுண்ணுயிர்க்கொல்லி உண்ணும் பிள்ளைகளுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இது நேர்கின்றது. பெரும்பாலும் இது மென்மையானது. மருந்து முடிந்தபின் தானே அடங்குவது. பிள்ளை விளையாடிக்கொண்டும் நீர் அருந்திக்கொண்டும் இருக்குமாயின் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. செய்யவேண்டியது, இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்தலே. நம் நாட்டில் ஜீவனி என்ற பெயரால் யாவரும் அறிந்த உப்புக் கரைசல் இதற்குச் சிறந்தது. பொதியிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரிற் கரைத்து, நீர்த்தன்மையான மலம் கழியுந்தோறும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றரும், 2 முதல் 10 வயதுவரையுள்ள பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லிலீற்றரும் கொடுத்தல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறை. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்துச் சிறு கரண்டியால் மெல்ல மெல்லப் புகட்டுக. தாய்ப்பாலை நிறுத்தலாகாது. சோற்றுக் கஞ்சி, குழைந்த சோறு, இடியப்பம், வாழைப்பழம் முதலிய எளிய உணவுகளை வழமைபோலக் கொடுக்கலாம். பட்டினி போடுதல் பழைய வழக்கமாயினும் பிழையான வழக்கமே. வயிற்றோட்டத்தைக் கட்டும் குளிசைகளைப் பெற்றார் தாமாகக் கொடுத்தல் ஆகாது.

தயிரின் பயன் பற்றிப் பலர் வினவுவர். நன்மை தரும் நுண்ணுயிர்களை மருந்தோடு சேர்த்துக் கொடுத்தல் பற்றிய 33 ஆய்வுகளை ஒருங்கு நோக்கிய தொகுப்பொன்று 2019ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அவற்றை உண்ட பிள்ளைகளுள் 100க்கு 8 பேருக்கும், உண்ணாதாருள் 100க்கு 19 பேருக்கும் வயிற்றோட்டம் ஏற்பட்டதாக அது கூறுகின்றது. எனினும் அவ்வாய்வுகளிற் பெரும்பாலானவை குறிப்பிட்ட நுண்ணுயிர்களை அளந்து கொடுத்தவை. வீட்டுத் தயிரைப் பற்றியனவல்ல. தயிர் உண்டு பழகிய பிள்ளைக்கு அது நல்லுணவு என்ற அளவில் அமையலாம். எதிர்ப்பாற்றல் மிகக் குன்றிய பிள்ளைக்கு மட்டும் இத்தகைய நுண்ணுயிர்ப் பொதிகளை வைத்தியரைக் கேளாது கொடுத்தலாகாது. சிப்புறொபுளொக்சசின் போன்ற சில மருந்துகள் பாலோடும் தயிரோடும் சேர்ந்தால் வலிமை குன்றும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, மருந்தைக் குடிக்க மறுத்தலும் குடித்ததைக் கக்குதலும். குழந்தையின் நாவு கசப்பை விரைவில் உணர்வது. மூக்கைப் பொத்தி, அழுகின்ற வாயில் மருந்தை ஊற்றுவது நம்மவரிடையே உள்ள கொடிய பழக்கம். அவ்வாறு ஊற்றிய மருந்து மூச்சுக்குழாயினுட் புகக்கூடும். பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, ஊசியில்லாத மருந்துக் குழாயின் நுனியைக் கன்னத்தின் உட்புறம் வைத்துச் சிறிது சிறிதாகச் செலுத்துதலே தக்க முறை. அளவும் அதனாற் பிழையாது. வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் ஒன்று கொள்வனவல்ல. போத்தலை ஒவ்வொரு முறையும் நன்கு குலுக்குதல் வேண்டும். இன்றேல் அடியில் தங்கிய மருந்து முதல் நாள் குறைவாகவும் கடைசி நாள் மிகையாகவும் போய்ச்சேரும். அமொக்சிசிலினை உணவோடு கொடுத்தாலும் குற்றமில்லை, குமட்டலும் குறையும். மருந்து உட்கொண்டு 30 நிமிடத்துள் முழுவதும் வாந்தியெடுத்தால் அதே அளவை மீண்டும் ஒருமுறை கொடுப்பதும், அதற்குப் பிந்தினால் அடுத்த வேளைவரை காத்திருப்பதும் அமொக்சிசிலினுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விதி. ஒவ்வொரு வேளையும் வாந்தியாயின் வைத்தியரிடம் மீளச் செல்லுதல் வேண்டும்; மருந்தை மாற்றவோ ஊசியாகக் கொடுக்கவோ அவரால் இயலும்.

உடலைப் பேணுதலோடு உள்ளத்தைப் பேணுதலும் இங்கு வேண்டப்படும். மருந்தை இனிப்பு என்று பொய் கூறிக் கொடுத்த தாயைப் பிள்ளை மறுநாள் நம்பாது. இனிப்பென நம்பிய பிள்ளை ஒருநாள் போத்தல் முழுவதையும் தானே எடுத்துக் குடிக்கவும் கூடும். "இது கசக்கும், சிறிது நேரத்தில் கசப்புப் போய்விடும், உன் காதுவலி மாறுவதற்கு இது வேண்டும்" என்ற உண்மையுரையே சிறந்தது. மருந்து குடித்தல் பிள்ளையின் விருப்புக்கு விடப்படுவதன்று. ஆனால் யார் மடியிலிருந்து குடிப்பது, குடித்தபின் தண்ணீரா தோடம்பழச் சாறா என்பவற்றை அதன் விருப்புக்கு விடலாம். இச்சிறு உரிமை பெரும் பிணக்கைத் தீர்க்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மருந்தைத் தேனிற் குழைத்துக் கொடுத்தல் மட்டும் கூடாது. தேனிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து அவ்வயதிற் கொடிய நோயை விளைக்கவல்லது.

வேறு சில மாற்றங்கள் பெற்றாரை அச்சுறுத்துவனவாயினும் தீங்கற்றவை, அல்லது எளிதிற் தீர்வன. காசநோய்க்குக் கொடுக்கும் றிபாம்பிசின் சிறுநீரையும் கண்ணீரையும் செம்மஞ்சள் நிறமாக்கும்; அது இரத்தமன்று. நல்ல பற்றீரியாக்கள் குறைந்த இடத்திற் பூஞ்சணம் தலையெடுப்பதால் நாவிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெண்படலம் தோன்றலாம். குழந்தையின் அரையிற் சிவந்த புண் உண்டாகலாம். இவற்றுக்குத் தனி மருந்து உண்டு. மூல மருந்தை நிறுத்தாமலே இவற்றைத் தீர்க்கலாம்.

பெற்றாரைப் பெரிதும் கலங்கச் செய்வது தோலில் தோன்றும் தடிப்பு. இது இருவகைப்படும். மருந்து தொடங்கிச் சில நாள் கழித்து, உடலின் நடுப்பகுதியிலே சிறு சிறு இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றிப் பரவுதல் ஒருவகை. அவை பெரும்பாலும் தட்டையானவை. கடி மிகுதியும் இல்லாதவை. சில நாள்களில் தாமே மறைபவை. இத்தகைய தடிப்புகளிற் பல மருந்தால் வருவனவேயல்ல. பிள்ளையைப் பீடித்த வைரசுக் கிருமியால் வருவன. எப்ஸ்ரீன்-பார் என்னும் வைரசால் வரும் சுரப்பிக் காய்ச்சல் இதற்குத் தக்க சான்று. அந்நோயைத் தொண்டைநோவு என மயங்கி அமொக்சிசிலினோ அம்பிசிலினோ கொடுத்தால் உடலெங்கும் செந்தடிப்புத் தோன்றுவதுண்டு. அது பெனிசிலின் ஒவ்வாமைக்குச் சான்றாகாது. மற்றவகை வேறு. மருந்து கொடுத்த சில நிமிடம் முதல் ஓரிரு மணித்தியாலத்துள், நுளம்புக்கடி போல எழும்பிக் கடுமையாகக் கடித்து, ஓரிடத்தில் மறைந்து வேறோரிடத்திற் தோன்றும் தடிப்புகள் அவை. இவை உண்மையான ஒவ்வாமையின் அடையாளமாகலாம். எவ்வகைத் தடிப்பாயினும் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்குமுன் வைத்தியரைக் கேட்டல் வேண்டும். தொடர்வதா நிறுத்துவதா என முடிவு செய்பவர் அவரே. அதுவரை குழந்தைக்கு மெல்லிய பருத்தியுடை உடுத்தி, நகங்களை வெட்டி, இளஞ்சூட்டு நீரால் உடலைத் துடைத்தல் ஆறுதல் தரும்.

உடனே மருந்தை நிறுத்தி வைத்தியசாலைக்கு விரைய வேண்டிய அறிகுறிகளை ஒவ்வொரு வீட்டாரும் மனத்திற் பதித்தல் வேண்டும். உதடு, நா, கண்ணிமை, முகம் வீங்குதல், மூச்சு இரைத்தல், குரல் மாறுதல், விழுங்க இயலாமை, திடீரெனப் பலமுறை வாந்தி, உடல் வெளிறிச் சோர்ந்து மயங்குதல் என்பன தடிப்போடு வந்தாலும் தனித்து வந்தாலும் உயிருக்கு இடர் எனக் கொள்க. இந்நிலையிற் காக்கும் மருந்து தொடையிற் செலுத்தப்படும் அதிரினலின் ஊசி ஒன்றே. வீட்டிலுள்ள ஒவ்வாமைக் குளிசை அதற்கு ஈடாகாது. வண்டி வரும்வரை பிள்ளையைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துக; மூச்சுத்திணறினால் நிமிர்த்தி இருத்துக; எழுந்து நடக்க விடாதிருக்க. 2016ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 1990 சுவசெரிய நோயாளர் வண்டிச் சேவை இத்தகைய வேளைக்கு உரியது. இவையன்றி, காய்ச்சலோடு வாயிலும் கண்ணிலும் புண் தோன்றித் தோல் கொப்புளித்து உரிதல், மூட்டுகள் வீங்கி நோதல், மலத்தோடு இரத்தம் போதல், கண் குழிந்து சிறுநீர் குறைதல் என்பனவும் அன்றே வைத்தியரிடம் காட்டத்தக்கவை.

இடர் நீங்கியபின் செய்யவேண்டிய கடமையொன்று உண்டு. பலரும் கவனியாதுவிடுவது அதுவே. "பிள்ளைக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது" என்று ஒரு தாய் சொல்லும் ஒற்றை வாக்கியம் நோய்க்குறிப்புப் புத்தகத்தில் ஏறியதும் அது வாழ்நாள் முழுவதும் பிள்ளையைத் தொடர்கின்றது. அவ்வாக்கியம் உண்மையாயின் அது உயிர்காக்கும். உண்மையல்லவாயின் விளைவு யாது? கனடாவின் மொன்றியல் நகரில், அமொக்சிசிலின் ஒவ்வாமை உடையவர் என ஐயுறப்பட்ட 818 பிள்ளைகளுக்கு வைத்தியசாலையிலே தக்க காவலோடு அம்மருந்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்து ஆராய்ந்து, 2016ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் 770 பேருக்கு, அதாவது 100க்கு 94 பேருக்கு, எத்தீங்கும் நேரவில்லை. ஒவ்வாமை எனக் கருதப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை அந்நேரத்துத் தடிப்புகளே எனத் தெளிவாயிற்று. ஆனால் இச்சோதனை வைத்தியசாலைக்கே உரியது. வீட்டில் ஒரு துளி கொடுத்துப் பார்ப்போம் என எவரும் துணிதல் பேராபத்தாகும்.

தவறான அடையாளத்தால் வரும் இழப்பு சிறிதன்று. தொண்டைநோவை உண்டாக்கும் ஒருவகைக் கிருமியின் பின்விளைவாகச் சில பிள்ளைகளுக்கு ருமாற்றிக் காய்ச்சல் வருகின்றது. மூட்டுகளைத் தாக்கி மறைவதோடு அமையாது, இருதயத்தின் வால்வுகளை நிலையாகப் பழுதாக்கவும் வல்லது அந்நோய். ஒருமுறை அதற்கு ஆளான பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு கிழமைக்கொருமுறை பென்சதீன் பெனிசிலின் ஊசியைப் பல ஆண்டுகள் செலுத்தி வருதலே இருதயத்தைக் காக்கும் முதன்மையான வழி. சிறு வயதில் வந்துபோன ஒரு தடிப்பை ஆராயாது ஒவ்வாமை எனப் பொறித்துவிட்டால், பின்னொருகால் அப்பிள்ளை தனக்கு மிக வேண்டிய மருந்தை இழந்து நிற்கும். வேறு மருந்துகள் உளவெனினும் பல வேளைகளில் அவை வலிமையிற் குறைந்தவை, அல்லது விலையில் மிகுந்தவை, அல்லது பக்கவிளைவு கூடியவை. ஆகவே சொல்லைச் சுருக்காது நிகழ்ச்சியை எழுதுக. மருந்தின் பெயர், எந்நோய்க்குக் கொடுக்கப்பட்டது, எத்தனையாம் நாள், கொடுத்த எத்தனை மணித்தியாலத்தின் பின், தடிப்பு எங்கே தோன்றியது, எவ்வளவு நேரம் நின்றது, மூச்சுக்கு இடர் உண்டாயிற்றா, என்ன செய்து தீர்ந்தது என்பவற்றைத் தேதியோடு குறித்து, தடிப்பின் படமொன்றையும் எடுத்து வைத்தல் நன்று. பின்னாளில் அடையாளம் சரியோ பிழையோ எனத் தீர்க்க முனையும் வைத்தியருக்கு இக்குறிப்பே வழிகாட்டும்.

இத்துன்பங்களைத் தவிர்க்கும் தலைசிறந்த வழி, வேண்டாத இடத்தில் இம்மருந்தை வேண்டாமையே. தடிமனும் இன்புளுவென்சாவும் பெரும்பாலான தொண்டைநோவும் டெங்குக் காய்ச்சலும் வைரசால் வருவன. அவற்றின்மீது நுண்ணுயிர்க்கொல்லிக்கு எவ்வித ஆற்றலும் இல்லை. துன்பம் தரும் ஆற்றல் மட்டும் உண்டு. அண்ணனுக்கு மிஞ்சிய பாணியைத் தம்பிக்கு ஊற்றுதலும், வைத்தியரைக் காணாது கடையிற் கேட்டு வாங்குதலும் ஒழிதல் வேண்டும். அவ்வாறே, வேண்டிய இடத்திற் கொடுக்கப்பட்ட மருந்தைப் பாதியில் நிறுத்துதலும் ஒழிதல் வேண்டும். பிளெமிங் 1945ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, போதாத அளவில் உண்ணும் மருந்து கிருமிகளை எதிர்த்து நிற்கப் பழக்கிவிடும் என எச்சரித்தார். சில நோய்களுக்கு முன்னைவிடக் குறைந்த நாள்களே போதும் என இன்றைய வைத்தியர்கள் கண்டுள்ளனர். ஆனால் எத்தனை நாள் என்பதை வரையறுப்பவர் வைத்தியரேயன்றி, காய்ச்சல் விட்டதைக் கண்டு மகிழும் பெற்றாரல்லர்.

வள்ளுவர் கூறிய நான்காம் உறுப்பினனுக்கு வேண்டிய பண்புகளைப் பரிமேலழகர் தம் உரையிலே நான்காக வகுத்துக் காட்டினார். நோயாளியிடம் அன்புடைமை, மனம் மொழி மெய்களால் தூய்மை, சொல்லியவற்றை அவ்வாறே செய்து முடிக்கும் வன்மை, அறிவுடைமை என்பன அவை. அன்பில்லாத தாய் இல்லை; ஆனால் அன்பு மட்டும் உடையவள் குழந்தையின் அழுகைக்கு இரங்கி மருந்தை நிறுத்திவிடுகின்றாள். சொல்லியதைச் செய்யும் வன்மை மட்டும் உடையவள் வீங்கிய முகத்தைக் கண்டும் மருந்தை ஊற்றுகின்றாள். அன்போடும் வன்மையோடும் அறிவு சேரும்போதே எதனைப் பொறுப்பது, எதனை நிறுத்துவது என்பது புலனாகும். குழந்தையிடத்தும் வைத்தியரிடத்தும் கண்டதைக் கண்டவாறு கூறும் வாய்மை அத்தூய்மையின்பாற் பட்டது. இந்நான்கும் ஒருங்கமைந்த வீட்டிலே, மருந்து தரும் சிறு துன்பங்கள் கடந்துபோகும், நோயும் தீரும், நாளை வேண்டப்படும் மருந்தும் அப்பிள்ளைக்கு உரியதாகவே இருக்கும்.